ராத்திரி 2 மணிக்கு நாய் எதைப் பார்த்துக் குரைக்குது?

லயத்துவீடு (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். 2 வயசு நாட்டுநாய், ஆண். லயத்து வீட்டு (தோட்டத்து வரிசை வீடு) முன்வாசலில் 6 அடிச் சங்கிலியில் கட்டியிருக்கு. ராத்திரி 2 மணிவாக்கில் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்கள் பக்கம் திரும்பிக் குரைக்குது. டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்லை. விடியக்காலை 5.30க்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்) போற மோட்டார் சைக்கிள் ஒண்ணையும் விடுறதில்லை. அதட்டினா இன்னும் கூடுது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கு. என்ன செய்யலாம்?

செம்பனைக்காடு:
தம்பி, ரெண்டும் வேற வேற குரைப்பு. மோட்டார் விஷயத்தை முதலில் பார்ப்போம். நாய் குரைக்குது, மோட்டார் போயிடுது. தான் விரட்டித்தான் போச்சுன்னு அது நினைக்குது. 20 மோட்டார் போனா ஒரே காலையில் 20 தடவை ஜெயிச்ச மாதிரி. அதனால இது தானா அடங்காது. நீங்க அதட்டுறதும் அதுக்கு வீட்டு ஆள் சேர்ந்து குரைக்கிற மாதிரிதான்.

5.15க்கு முன்னாடியே பின்பக்கம் மாத்திக் கட்டுங்க. முடியாட்டி ரோடு தெரியாதபடி 5 அடி உயரத்துக்குத் தகரம் வைங்க. மோட்டார் சத்தத்தைப் போனில் பதிவு பண்ணி, மத்தியானத்தில் காது மட்டும் திரும்புற அளவுக்கு மெதுவா வைங்க. சத்தம் கேட்ட உடனே அவிச்ச கோழி ஈரல், கச்சான் (நிலக்கடலை) அளவு ஒரு துண்டு. சத்தம் நின்னா தீனியும் நிக்கணும். 5 நிமிஷம், ஒரு நாளைக்கு 2 தடவை. 3 தடவை குரைக்காம இருந்தாத்தான் சத்தத்தை ஒரு படி ஏத்தணும். குரைச்சா ஏத்தினது அதிகம், இறக்குங்க. நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான்: ஈரல் டப்பாவை முதலில் எடுத்துடுறாங்க. அப்புறம் நாய் டப்பாவைத்தான் கவனிக்கும், மோட்டாரை இல்லை.

ராத்திரியில் ஒண்ணுமே இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. நம்ம காது 20,000 ஹெர்ட்ஸோட நின்னுடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். எலி போடுற கீச்சில் பெரும்பங்கு நமக்குக் கேட்காத உயரத்தில் இருக்கு. செம்பனை அடியில் எலி, அதைத் தேடி வர ஆந்தை, மூசாங் (மரநாய்), எல்லாம் அந்த நேரத்துக்குத்தான் நடமாடும்.

மருதாணி:
சத்தத்தையும் கேட்டுப் பாருங்க தம்பி. புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் நாய்க் குரைப்பைப் பதிவு பண்ணி ஆட்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. எந்த நிலைமையில் குரைச்சதுன்னு நாய் வளர்க்காதவங்களும் ஓரளவு சரியாவே சொன்னாங்க. கட்டையான குரலில் விடாம அடுக்கிக் குரைச்சா அந்நியர். கீச்சுக் குரலில் ஒத்தையா, இடைவெளி விட்டுக் குரைச்சா தனிமை. 3 ராத்திரி பதிவு பண்ணி, நேரத்தையும் குறிச்சு வைங்க. தனிமைன்னா தகரம் எதுக்கும் உதவாது. சாயங்காலம் அரைமணி நேரம் நடத்திக் கூட்டிட்டுப் போய், ராத்திரி அடுப்படிப் பக்கம், ஆள் மூச்சு கேட்கிற இடத்தில் படுக்க விடுங்க.

லயத்துவீடு:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பதிவு பண்ணிக் கேட்டேன், பெரும்பாலும் ஒத்தைக் குரைப்புத்தான். ஆனா ஒரு ராத்திரி மட்டும் சாக்கடை ஓரம் ஒரே இடத்தைப் பார்த்து, முன்னால பாய்ஞ்சு பின்னால துள்ளி, கட்டையா அடுக்கிக் குரைச்சுது.

செம்பனைக்காடு:
அப்படிக் குரைச்சா பாம்புன்னே வச்சுக்கங்க தம்பி. எலி இருக்கிற தோட்டத்துக்கு விஷம் துப்புற நாகம் வரும். 1 மீட்டருக்கு அப்பால இருந்தும் கண்ணைப் பார்த்துத் துப்பும். கிட்ட போகாம, நாயைப் பேர் சொல்லிப் பின்னால கூப்பிடுங்க. கட்டியிருந்தா சங்கிலியோட வீட்டுப்பக்க முனையைப் பிடிச்சு இழுங்க. 999க்குச் சொன்னா பாம்பு பிடிக்க ஆள் அனுப்புவாங்க. நாய் கண்ணில் விஷம் பட்டுட்டா குழாய்த் தண்ணியை மெதுவா, குறைஞ்சது 15 நிமிஷம் விட்டுக் கழுவுங்க. பால், எலுமிச்சைன்னு எதையும் ஊத்தாதீங்க. காலால கண்ணைத் தேய்க்க விடாம துண்டில் சுத்திப் பிடிச்சுக்கிட்டு, அந்த ராத்திரியே மிருக டாக்டர்கிட்ட கொண்டு போயிடுங்க.