பெயரில்லாக் காய்ச்சல்: ஜப்பானியப் பொது மருத்துவமனைகளில் அரிய நோயாளிகள் ஆய்வுக்குரியவர்கள் ஆனது எப்படி?

ஏட்டுச்சுவடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவன் அல்லன். மருத்துவ வரலாற்றில் ஆர்வமுள்ள வாசகன். சிறு குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோய் குறித்து ஒரு கட்டுரை எழுத முயன்று வருகிறேன். அதில் இரண்டு இடங்களில் தடுமாறி நிற்கிறேன்.

நான் அறிந்த வரையில் நிகழ்ந்தது இது. 1961 ஜனவரியில், தோக்கியோவின் ஹிரோ பகுதியில் உள்ள செஞ்சிலுவைச் சங்க மத்திய மருத்துவமனையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்படுகிறான். விடாத காய்ச்சல், பீளை கட்டாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடுகள், உடலெங்கும் தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டி, பின்னர் விரல் நுனிகளில் தோல் உரிதல் ஆகிய அனைத்தும் அவனுக்கு ஒருசேர இருந்தன. தெரிந்த எந்த நோயிலும் அவை முழுமையாகப் பொருந்தவில்லை. சிறுவன் தானாகக் குணமடைந்து வீடு திரும்பினான். அவனைப் பார்த்த குழந்தை மருத்துவர் தொமிசாக்கு கவாசாகி, ஆறு ஆண்டுகள் கழித்து, 1967இல், இத்தகைய 50 குழந்தைகளைப் பற்றி ஜப்பானிய மொழியில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

என் முதல் ஐயம்: பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் நிறைந்த அந்நகரில், இந்த நோய் ஏன் ஒரு பொது மருத்துவமனையில் கண்டறியப்பட்டது? அது தற்செயல்தானா? இரண்டாவது ஐயம்: ஒப்பீட்டுக் குழு இல்லை, சோதனை இல்லை, நோய்க்காரணமும் தெரியாது, 50 நோயாளிகளின் விவரிப்பு மட்டுமே உள்ள ஒரு கட்டுரையை ‘ஆய்வு’ என்று எழுதலாமா, ‘பதிவு’ என்று மட்டும் எழுத வேண்டுமா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குழந்தைகள்_வார்டு:

ஐயா, முதல் ஐயத்துக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். நான் குழந்தை மருத்துவத் துறையில் பணியாற்றுபவள்.

பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வரும் குழந்தை பெரும்பாலும் வேறு இரண்டு மருத்துவர்களைக் கடந்து, ஏற்கெனவே ஒரு நோயின் பெயரைச் சுமந்துகொண்டு வருகிறது. பொது மருத்துவமனைக்கோ அக்கம்பக்கத்துக் குழந்தைகள் காய்ச்சலின் மூன்றாம் நாளிலேயே வந்துவிடுகிறார்கள். குணமடையும் வரை அதே படுக்கையில், அதே மருத்துவரின் கண்பார்வையில் இருக்கிறார்கள். இந்த நோயில் அது மிக முக்கியம். கண்ணும் உதடும் சிவப்பது முதல் வாரத்தில். நகமும் தோலும் சேரும் இடத்திலிருந்து தோல் உரியத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு. முதல் வாரத்தை ஒருவரும் மூன்றாம் வாரத்தை வேறொருவரும் பார்த்தால், அவை ஒரே நோயின் இரு முகங்கள் என்பது இருவருக்கும் தெரியாமலே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சிறுவன் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கவாசாகி அந்த மருத்துவமனையில் இருந்தவர். தோல் உரியும் காய்ச்சல் என்றதும் அன்றைய குழந்தை மருத்துவர் எவருக்கும் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது ஸ்கார்லெட் காய்ச்சல். அந்தக் காய்ச்சலை எண்ணற்ற முறை பார்த்துப் பழகியவருக்குத்தான் ‘இது அதுவன்று’ என்று சொல்லும் துணிவு வரும். அவர் அந்தச் சிறுவனின் கேஸ் ஷீட்டில் ஏதோ ஒரு பெயரை எழுதிக் கோப்பை மூடிவிடவில்லை. நோய் இன்னதென்று தெரியவில்லை என்றே அனுப்பிவைத்தார். என் பார்வையில், முழுக் கதையிலும் கடினமான செயல் இதுதான். டிஸ்சார்ஜ் தாளில் அந்த ஓர் இடத்தை வெறுமையாக விடுவது எவ்வளவு சங்கடமானது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மறு ஆண்டு அதே அறிகுறிகளுடன் இரண்டாவது குழந்தை வந்தபோது, முதல் குழந்தை அவர் நினைவில் எழுந்ததற்குக் காரணம் அந்த வெறுமைதான். ஏதேனும் ஒரு பெயர் சூட்டியிருந்தால் அந்தச் சிறுவன் அப்பெயருக்குள்ளேயே மறைந்து போயிருப்பான்.

1962இல், சீபா மாநிலத்தில் நடந்த குழந்தை மருத்துவர்களின் கூட்டத்தில் ஏழு குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். இது புதிய நோயன்று, தோலும் வாய், கண் சவ்வுகளும் புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியின் ஒரு வடிவமே என்னும் தரப்பு அப்போது வலுவாக இருந்தது. 1967ஆம் ஆண்டுக் கட்டுரை 44 பக்கம் நீண்டதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

உங்கள் இரண்டாம் ஐயத்தைப் பொறுத்தவரை, எந்த ஐயப்பாடும் இன்றி ‘ஆய்வு’ என்றே எழுதுங்கள். இந்த நோயைக் கண்டறிய இன்றும் தனியான இரத்தப் பரிசோதனை கிடையாது. காய்ச்சலோடு அந்த ஐந்து அறிகுறிகளையும் எண்ணித்தான் நாங்கள் முடிவு செய்கிறோம். அந்தக் கணக்கின் வேர் அந்த 50 குழந்தைகளில் இருக்கிறது.

நுண்ணோக்கி:

மேலே எழுதிய மருத்துவர் அம்மாவின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் படுக்கையோரக் கூர்நோக்கின் வெற்றியாக மட்டும் இக்கதையைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நான் உடற்கூறாய்வும் திசு ஆய்வும் செய்து நோயை அறியும் நோய்க்குறியியல் துறையைச் சேர்ந்தவன். ஆகவே என் சாய்வை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

1967ஆம் ஆண்டுக் கட்டுரை அந்நோயைப் பற்றி என்ன முடிவு சொன்னது? தானாகக் குணமாகும், பின்விளைவு எதுவும் இல்லை என்றுதான் சொன்னது. இன்று கவாசாகி நோய் என்றவுடன் எல்லோரும் அஞ்சுவது இதயத் தமனிகளில் உண்டாகும் வீக்கத்தைத்தான்; சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது வருகிறது. அந்நோயை அத்தனை நுணுக்கமாக விவரித்த மருத்துவருக்கு அதன் மிகக் கொடிய பகுதி தெரியவில்லை. இதை அவருடைய கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் தணிந்து, தோல் உரிந்து, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும் குழந்தை, சில வாரங்கள் கழித்துத் திடீரென்று இறந்தால், அந்த இறப்பு வார்டுக்கு வெளியே நிகழ்கிறது. வார்டில் நிற்பவரின் பார்வை வார்டின் வாசலோடு முடிந்துவிடுகிறது.

வாசலுக்கு அப்பால் பார்த்தவர் அதே மருத்துவமனையின் நோய்க்குறியியல் நிபுணர் நொபொரு தனாக்கா. முன்னர் இந்நோய் என்று கண்டறியப்பட்டிருந்த ஒரு குழந்தை இறந்தபோது, 1965இல் அவர் உடற்கூறாய்வு செய்து, இதயத் தமனியில் இரத்தக்கட்டி அடைத்திருப்பதைக் கண்டார். அதாவது, ‘பின்விளைவு இல்லை’ என்ற கட்டுரை வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அதே கட்டடத்தில் எதிர்ச் சான்று இருந்தது. ஒரு குழந்தையின் இறப்பை வைத்து நோயின் இயல்பையே மாற்றி எழுதக் குழந்தை மருத்துவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமற்றது என்று இன்றைய அறிவை வைத்துக்கொண்டு சொல்வது எளிது.

அடுத்த சான்று இன்னொரு பொது மருத்துவமனையிலிருந்து வந்தது. தோக்கியோவின் புனித லூக்கா மருத்துவமனையில் தக்காஜிரோ யமமோத்தோவும் அவருடைய குழுவினரும் 23 குழந்தைகளுக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்து, 11 பேரிடம் மாறுபாடு இருப்பதாக 1968இல் தெரிவித்தார்கள். குழந்தைக்கு நெஞ்சுவலி இல்லாதபோதும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தாரே, அதைத்தான் நான் ஆய்வு மனம் என்பேன்.

பிறகு 1970இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு தொடங்கியது. அதன் புள்ளியியல் பொறுப்பை ஏற்றவர் இத்சுசோ ஷிகெமத்சு. கேள்வித்தாள்கள் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டன. விடைகள் திரும்பியபோது, இந்நோய்க்குப் பின் இதயக் கோளாற்றால் திடீரென்று இறந்து உடற்கூறாய்வு செய்யப்பட்ட 10 குழந்தைகளின் விவரம் கிடைத்தது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ‘விதிவிலக்கு’ என்று தோன்றியிருக்கக்கூடியது, ஒரே மேசையில் அடுக்கப்பட்டவுடன் விதியாகத் தெரிந்தது. பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட, குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைகளை உள்ளடக்கி அக்கணக்கெடுப்பு தொடர்ந்து நடந்தது. 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் நோய் அலையலையாகப் பெருகியதை நாம் அறிவது இப்படித்தான்.

எனவே, ஏட்டுச்சுவடி அவர்களே, உங்கள் கட்டுரையில் கவாசாகியின் பெயர் வரும் பத்தியிலேயே தனாக்காவின் பெயரும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நோய்க்குறியியல் நிபுணர்களின் பெயரை எந்த நோய்க்கும் சூட்டுவதில்லை என்று புலம்ப வந்தேன். ஹாட்ஜ்கின் நோய்க்குப் பெயர் தந்த ஹாட்ஜ்கினும் நோய்க்குறியியல் நிபுணரே என்பது நினைவுக்கு வந்ததால் விட்டுவிடுகிறேன்.

இதயத்துடிப்பு:

நல்ல உரையாடல். கேள்விக்கு நெருக்கமான இன்னொரு நிகழ்வைச் சேர்க்க விரும்புகிறேன். இது பெரியவர்களைப் பற்றியது.

ஹிரோஷிமா நகர மருத்துவமனையில் 1983இல் ஒரு பெண் கடும் நெஞ்சுவலியுடன் வந்தார். ஈசிஜி மாரடைப்பு என்றது. ஆஞ்சியோகிராமில் இதயத் தமனிகள் அடைப்பின்றித் தெளிவாக இருந்தன. ஆனால் இடது கீழறையின் நுனி அசைவற்று உப்பியிருக்க, அடிப்பகுதி மட்டும் இறுகச் சுருங்கியது. ஹிக்காரு சாத்தோவின் குழுவினர் இதோடு நிறுத்தியிருந்தால், ‘தமனி தானாகத் திறந்துகொண்ட மாரடைப்பு’ என்று எழுதியிருக்கலாம். அவர்கள் பின்னர் மீண்டும் படம் எடுத்தார்கள். இதயம் இயல்பாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. மாரடைப்பில் செத்த தசை இப்படி மீள்வதில்லை. நோயை வெளிப்படுத்தியது அந்த இரண்டாவது படம்.

1990இல் ஜப்பானிய நூல் ஒன்றில் இதை அவர்கள் விவரித்தபோது வைத்த பெயர்தான் தக்கோட்சுபோ. ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபசைப் பிடிக்கக் கடலுக்குள் இறக்கும், கழுத்து குறுகி வயிறு பருத்த பானையின் பெயர் அது. ஹிரோஷிமா உள்நாட்டுக் கடலின் கரையில் உள்ள நகரம். அப்பானை அங்குள்ளவர்களுக்குக் கண்பழகிய பொருளாக இருந்திருக்கும். துக்கச் செய்தி, அச்சம், நிலநடுக்கம் போன்ற அதிர்ச்சிகளுக்குப் பின்னர், பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வருகிறது. 2001இல் பல ஜப்பானிய மருத்துவமனைகள் சேர்ந்து 88 நோயாளிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டன. அவர்களில் 76 பேர் பெண்கள். மேலைநாட்டு இதய மருத்துவர்கள் அதன் பிறகுதான் தங்கள் பழைய கோப்புகளைத் திருப்பிப் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

மொழியைப் பற்றி ஒரு சொல். கவாசாகியின் அதே 50 குழந்தைகள் ஆங்கில வாசகர்களை அடைந்தது 1974இல். இடைப்பட்ட காலத்தில் ஹவாயில் மரியன் மெலிஷும் அவருடைய சக மருத்துவர்களும் அதே நோயைத் தனியாகக் கண்டு குழம்பியிருந்தார்கள். தாய்மொழியில் எழுதியதைக் குறையாக நான் கருதவில்லை. ஜப்பானியப் பொது மருத்துவமனைகளில் பணியாற்றிய மருத்துவர்கள் அதைப் படித்துத் தங்கள் வார்டுகளில் அந்நோயை இனங்கண்டார்கள். கணக்கெடுப்புக்கு விடை எழுதக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

ஏட்டுச்சுவடி:

மூவருக்கும் நன்றி. கட்டுரையின் இரண்டாம் பகுதியை முழுவதுமாகத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது; தனாக்காவின் பெயர் என் வரைவில் இல்லவே இல்லை. இன்னும் ஒரு கேள்வி. நோயைக் கண்டது பொது மருத்துவமனை. சிகிச்சையும் அங்கிருந்துதான் வந்ததா? இன்றைய சட்டங்களின் கீழ் அத்தகைய ஆய்வை அங்கே செய்ய முடியுமா?

குழந்தைகள்_வார்டு:

முதலில், நுண்ணோக்கி ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். வார்டின் வாசலைப் பற்றி அவர் எழுதியது எனக்கு உறைத்தது.

சிகிச்சையும் பெருமளவில் அத்தகைய இடத்திலிருந்தே வந்தது. கித்தாக்கியூஷூ நகரில் உள்ள கொக்குரா நினைவு மருத்துவமனையின் மருத்துவர் ஃபுருஷோ, பிற மருத்துவமனைகளோடு சேர்ந்து, சில குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும், சிலருக்கு அதனுடன் இம்யூனோகுளோபுலின் (இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நோயெதிர்ப்புப் புரதம்) என்று பிரித்துக் கொடுத்து ஒப்பிட்டார். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஐந்து நாட்கள் நரம்பு வழியாக ஏற்றினார்கள். இதயத் தமனிப் பாதிப்பு தெளிவாகக் குறைந்தது. முடிவு 1984இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் ஜேன் நியூபர்கரின் குழுவினர் அதை உறுதிப்படுத்தினார்கள். 1991இல் கிலோவுக்கு 2 கிராம் ஒரே தவணையாகக் கொடுப்பது மேலும் நல்லது என்று காட்டினார்கள். இன்றும் அதுவே நடைமுறை. உங்கள் முதற்பதிவில் கேட்ட ஒப்பீட்டுக் குழு, கவாசாகியின் முதல் நோயாளிக்கு 23 ஆண்டுகளுக்குப் பின் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

சட்டத்தைப் பற்றி: ஜப்பானில் 2017இல் இயற்றப்பட்ட மருத்துவ ஆய்வுச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இரத்த அழுத்த மருந்தான வால்சார்ட்டன் குறித்த ஆய்வுகளில் தரவுகள் திரிக்கப்பட்டதாக எழுந்த பெரும் பிரச்சினைதான் அதற்கு வழிவகுத்தது. மருந்து நிறுவனத்தின் பணத்தில் அதன் மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளும், ஒரு மருந்தை அனுமதிக்கப்படாத பயன்பாட்டுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளும், சான்று பெற்ற மறுஆய்வுக் குழுவின் பார்வைக்குச் செல்ல வேண்டும். ஃபுருஷோ செய்ததை இன்று செய்ய முனைபவர் அந்தக் கதவைத் தட்டியாக வேண்டும். ஒரு பொது மருத்துவமனைக்கு அது சிறிய வேலையன்று. கவாசாகி செய்ததைப் போன்று நோயாளிகளை விவரித்து எழுதுவதற்கு அச்சட்டம் குறுக்கே நிற்காது. தனியுரிமையைக் காப்பதும் ஒப்புதல் பெறுவதும் வேண்டும், அவ்வளவே.

நுண்ணோக்கி:

ஒரு சிறு சேர்க்கை. ஜப்பானிய நோய்க்குறியியல் சங்கம் 1958 முதல் நாடெங்கும் நடக்கும் உடற்கூறாய்வுகளைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. இளம் மருத்துவர்களுக்கான இரண்டாண்டுப் பயிற்சி 2004இல் கட்டாயமாக்கப்பட்டபோது, இறந்த நோயாளி ஒருவரைப் பற்றிச் சிகிச்சை அளித்தவரும் உடற்கூறாய்வு செய்தவரும் எதிரெதிரே அமர்ந்து விவாதிக்கும் கூட்டமும் அதில் இடம்பெற்றது. ஆனால் உடற்கூறாய்வுகளின் எண்ணிக்கை அங்கும் பல்லாண்டுகளாகச் சரிந்து வருகிறது. ஸ்கேன் படமே போதும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. 1965இல் அந்தக் குழந்தையின் இதயத்தைத் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.