முகம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

பெல்ஸ் பால்சி, அதான் நம்ம ஊர்ல வாய் கோணிக்கிச்சு, முகவாதம்னு சொல்வாங்களே, அது வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? மருந்து மாத்திரை எல்லாம் டாக்டர் சொல்லிட்டாரு, அத கேக்கல. அந்த முகத்த வச்சுக்கிட்டு நாலு பேர் மத்தியில எப்படி இருந்தீங்கன்னு கேக்குறேன்.

எனக்கு போன மார்கழில வந்துச்சு. முதல் நாள் காதுக்குப் பின்னாடி ஒரு வலி, அவ்ளோதான். காலைல வாய் கொப்பளிச்சா தண்ணி வலது பக்கமா ஒழுகுது, கண்ணு மூட மாட்டேங்குது. மாமியார் பனிக்காத்து பட்டிருச்சுன்னாங்க, பக்கத்து வீட்டம்மா எதுவோ அறைஞ்சிருக்கு மந்திரிச்சுட்டு வாங்கன்னாங்க, என் வீட்டுக்காரர் ஸ்ட்ரோக்னு பயந்து நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிட்டார். அவர் பயந்ததுதான் சரி, வீட்ல உக்காந்துக்கிட்டு இது ஸ்ட்ரோக்கா இல்ல முகவாதமான்னு நாமளே முடிவு பண்ற விஷயம் இல்ல இது. டாக்டர் நெத்திய சுருக்க சொன்னாரு, வலது பக்கம் அசையவே இல்ல. ஸ்ட்ரோக்ல பொதுவா நெத்தி சுருங்கும், இங்க நெத்தியும் சேர்ந்து போனதால முக நரம்புதான் வீங்கியிருக்குன்னு சொல்லி ஸ்டீராய்டு ஆரம்பிச்சாரு. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணுமாம்.

நான் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். லீவு முடிஞ்சு போனா, சிரிச்சா பாதி முகம்தான் சிரிக்குது, பாக்குறவங்களுக்கு நக்கல் பண்ற மாதிரி தெரியுது, அதனால சிரிக்கிறதையே விட்டுட்டேன். நான் எப்பவும் பிள்ளைங்களோட கத்திக்கிட்டு ஆடிக்கிட்டு இருக்கிற ஆளு. இப்ப மூஞ்ச உம்முனு வச்சிருக்கவும் பிள்ளைங்க பயந்து கைகட்டி உக்காந்துருச்சுங்க, எச்செம் வந்து "இப்பல்லாம் உங்க கிளாஸ்ல சத்தமே இல்லையே டீச்சர், நல்லா கன்ட்ரோல் பண்றீங்க"ன்னு பாராட்டிட்டுப் போறாங்க. அழுகையா வந்துச்சு, ஆனா அந்தக் கண்ணுல எந்நேரமும் தண்ணி வடியுறதால நான் அழுறது கூட யாருக்கும் தெரியல. அவங்க பாராட்டுன அந்தக் கண்டிப்பான டீச்சர் யாருன்னே எனக்குப் புரியல.

ப, ம ரெண்டும் வராது. உதடு ஒட்டுனாத்தான அந்த எழுத்து வரும். பம்பரம் சொல்லிக் குடுக்குறேன், முன்னாடி ஒரு வாண்டு வாய ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு பம்பரம்ங்கிறான். கேலி பண்றான்னு முறைச்சேன். பாத்தா முதல் வரிசைல பாதி பேரு அப்படித்தான் சொல்லுதுங்க, டீச்சர் வாய் போற மாதிரி போனாத்தான் அந்த எழுத்து வரும்னு நெனச்சிருக்குங்க! அன்னிக்குத்தான் கிளாஸ்ல வாய்விட்டு சிரிச்சேன், கோணல் சிரிப்புத்தான்.

இப்ப முகம் பெரும்பாலும் சரியாயிடுச்சு. அந்த உம்முனு இருக்கிறது மட்டும் இன்னும் போகல, ஏன்னு தெரியல. உங்களுக்கு எப்படி?

* * *

டீச்சரக்கா, நான் டவுன் பஸ் கண்டக்டர், திருநெல்வேலி பக்கம். எனக்கும் இது வந்துச்சு, இடது பக்கம். கண்டக்டருக்கு விசில்தான உசுரு, அது வரமாட்டேங்கு. காத்து பூரா கடவாய் வழியா போயிருது, வெறும் புஸ்ஸுன்னு சத்தம். ஒரு விரலால உதட்ட அமுக்கிப் புடிச்சு ஊதணும், அந்தக் கையில டிக்கெட் கட்டு, இந்தக் கையில பையி, கூட்டம் வேற. கடைசில டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லிட்டு கம்பில நாணயத்த வச்சு தட்ட ஆரம்பிச்சேன்.

ஆனா எனக்கு விசில விட பெரிய கொடும வேற. பேச்சு குழறும், ஒரு கண்ணு செவந்து தண்ணி வடியும், ஏறுற ஆளு எல்லாம் பாத்துட்டு "என்ன அண்ணாச்சி காலங்காத்தாலயே ஊத்தியாச்சா"ன்னு கேக்கான். நான் குடிக்கவே மாட்டேன், சத்தியமா. மொதல்ல எல்லாருக்கும் நின்னு விளக்கம் சொன்னேன், நரம்பு அப்படி வைரஸ் இப்படின்னு, ஒரு ட்ரிப்புக்கு எத்தன பேருக்குத்தான் சொல்ல, அப்புறம் விட்டுட்டேன். ஒரு நாள் ஒருத்தன் கேக்கவும் "ஆமா, ரெண்டு குவார்ட்டர்"னு சொல்லிட்டேன், பஸ்ஸே சிரிச்சுது. அதுல இருந்து கொஞ்ச நாள் நான் குடிகாரன் மாதிரியே பேசிக்கிட்டு திரிஞ்சேன்னு வைங்க, ஜனங்களுக்கு அது புடிச்சிருந்துச்சு. வீட்டுக்காரி ஒரு தடவ அதே பஸ்ல ஏறிட்டா. அன்னிக்கு சாப்பாடு இல்ல.

இன்னொண்ணு, ஏர் ஹாரன் சத்தம் அந்தக் காதுல மட்டும் இடி மாதிரி கேக்கும். கேட்டா, அதே முக நரம்புதான் காதுக்குள்ள சத்தத்த அடக்குற ஒரு குட்டித் தசையையும் இயக்குதாம், அதுவும் படுத்துருச்சுன்னு சொன்னாங்க. உங்களுக்கு குக்கர் விசில் அப்படி கேட்டுச்சா அக்கா?

ராத்திரி கண்ண ஒட்டுறதுக்கு என்ன டேப்பு போட்டீங்கன்னும் சொல்லுங்க. என் சித்தி மவனுக்கு போன வாரம் வந்திருக்கு.

* * *

கண்டக்டர் அண்ணா செம. நான் சென்னை, எனக்கு வந்தது ராம்சே ஹன்ட், 2022 ஜூன்ல ஜஸ்டின் பீபருக்கு வந்துச்சுன்னு வீடியோ போட்டாரே அதேதான். சின்ன வயசுல வந்த சின்னம்மை வைரஸ் நரம்புலயே தூங்கிட்டு இருந்து எழுந்திருச்சு வரும், காதுல கொப்புளம், வலி தாங்க முடியாது. இதுல பெல்ஸ் பால்சி அளவுக்கு எல்லாருக்கும் சரியாகறது இல்ல. 2007ல ஸ்காட்லாந்துல பெல்ஸ் பால்சிக்கு பண்ண ஆய்வுல சீக்கிரமே ஸ்டீராய்டு எடுத்தவங்கள்ல 94 சதவீதம் பேர் 9 மாசத்துல முழுசா தேறிட்டாங்கன்னு இருக்கு, அத படிச்சுட்டு ஒவ்வொருத்தரா வந்து "சரியாயிடும் தம்பி"ன்னு சொல்லுவாங்க. தயவுசெஞ்சு அத எல்லாருக்கும் சொல்லாதீங்க. எனக்கு முழுசா சரியாகல. சரியாகுற நாளுக்காக காத்துட்டு இருக்கிற வரைக்கும் இந்த முகம் யாரோ ஒருத்தரோடது, நான் வாடகைக்கு இருக்கேங்கிற மாதிரியே போச்சு.

எங்க வீட்ல அப்ப பொண்ணு பாத்துட்டு இருந்தாங்க. தரகர்கிட்ட எந்த போட்டோ குடுக்கறது? அம்மா பழசத்தான் அனுப்பினாங்க, "அதுதான்டா நீ"ன்னாங்க. ஒரு வீட்ல நேர்ல போய் பஜ்ஜி கடிச்சேன், வலது கண்ணு தானா மூடிக்கிச்சு. நரம்பு திரும்ப வளரும்போது தப்பான தசையில போய் சேர்ந்துடும், பேன் சுவிட்ச போட்டா லைட்டும் எரியுற மாதிரி, வாய அசைச்சா கண்ணு மூடும். எதிர்ல இருந்த பொண்ணோட சித்தப்பா நான் கண்ணடிக்கிறேன்னு நெனச்சுட்டாரு. வெளிய வந்து அம்மாகிட்ட சண்ட போட்டு புது போட்டோ எடுத்தேன், நேரா கேமராவ பாத்து, அந்தப் பக்கத்த மறைக்காம. வரன் குறைஞ்சது உண்மைதான், பொய் சொல்ல விரும்பல. ஆனா அந்த போட்டோ அனுப்பினதுக்கு அப்புறம் யார் வீட்லயும் உக்காந்து நெளியல.

கனடால ஜான் கிரெத்தியன்னு ஒருத்தர், சின்ன வயசுலயே முகம் ஒரு பக்கம் போயிடுச்சு. 1993 தேர்தல்ல அவர எதிர்த்து நின்ன ஆளுங்கட்சி அவர் மூஞ்ச குளோசப்ல காட்டி விளம்பரம் போட்டாங்க, ஜனங்க கடுப்பாகி, விளம்பரம் போட்ட அந்தக் கட்சி வெறும் 2 சீட்டுக்கு இறங்கிடுச்சு, வேற காரணங்களும் இருந்துச்சு, ஆனாலும். அவர் பிரதமரா 10 வருஷம் இருந்தாரு. எனக்குப் பிடிச்ச கதை.

பிசியோகிட்ட போறவங்களுக்கு ஒண்ணு: சீக்கிரம் வரட்டும்னு மூஞ்ச பலமா இழுத்து இழுத்து பயிற்சி பண்ணாதீங்க, கண்ணாடி முன்னாடி மெதுவா, சின்னச் சின்னதா பண்ண சொன்னாங்க எனக்கு.

* * *

கண்டக்டர் தம்பி, ஆமா, குக்கர் விசில் அடிக்கும்போது காத பொத்திக்கிட்டு அடுப்படில இருந்து ஓடியிருக்கேன், காரணம் இப்பத்தான் தெரியுது. டேப்பு, மருந்துக்கடைல மைக்ரோபோர்னு கேளுங்க, தோலுக்கு உறுத்தாது. பகல்ல சொட்டு மருந்து, படுக்கும்போது ஆயின்மென்ட் போட்டுட்டு அப்புறம் ஒட்டணும், இமை முழுசா மூடியிருக்கான்னு யாராச்சும் ஒரு ஆள பாக்க சொல்லுங்க, பாதி திறந்திருந்தா டேப்பே கருவிழில உரசிடும். கண்ணு செவந்து வலிச்சாலோ வெளிச்சம் பாக்க முடியலன்னாலோ அன்னிக்கே கண் டாக்டர்.

சென்னைத் தம்பி, அந்தப் புது போட்டோ எடுத்தீங்களே, அத எடுத்தது யாரு, ஸ்டுடியோவா வீட்லயா? எங்க ஸ்கூல்ல குரூப் போட்டோ வருது, அதான் கேக்குறேன்.