முன் பிறேக் லீவர் முறிந்துவிட்டது: அசலா, மடியும் லீவரா, குட்டை லீவரா?

பரந்தன்155 கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது யமஹா ஆர்15, 155 சீசீ, மூன்றாம் பதிப்பு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் புதுக்குடியிருப்புப் பக்கம் நாளாந்தம் வேலைக்குப் போய்வருகிறேன். தார் வீதியை விட்டு இறங்கிய பிறகு கடைசி மூன்று கிலோமீற்றர் கிறவல். சென்ற வாரம் அந்தக் கிறவலில் கட்டாக்காலி மாடொன்றுக்கு ஒதுங்கப்போய் வண்டி வலப்பக்கமாகச் சரிந்தது. எனக்கு முழங்கையில் உராய்வு மட்டுமே. ஆனால் முன் பிறேக் லீவர் நுனி உருண்டையோடு முறிந்துபோனது. கிளச் லீவர் முன்னொரு தடவை விழுந்ததிலேயே வளைந்திருந்ததால் இரண்டையும் சேர்த்து மாற்ற நினைக்கிறேன்.

வவுனியாவில் ஒரு கடையில் அசல் லீவரும், வெளியே மடியக்கூடிய, ஆறு நிலைகளில் தூரத்தை மாற்றத்தக்க அலுமினிய லீவர் சோடியும், இரண்டு விரலுக்கான குட்டை லீவர் சோடியும் இருக்கின்றன. குட்டையானது பார்க்க அழகாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான், பூட்டினால் சரி" என்கிறார். உண்மையிலேயே எல்லாம் ஒன்றுதானா? அனுபவமுள்ள அண்ணாமார் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கிளிநொச்சி கராஜ் எழுதியது:

தம்பி, கிளச் லீவரைப் பொறுத்தவரை கடைக்காரர் சொன்னதைப் பாதி ஏற்கலாம். பிறேக் லீவரைப் பொறுத்தவரை அது ஆபத்தான பேச்சு. கிளச் லீவர் பிழைத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவீர். பிறேக் லீவர் பிழைத்தால் வீட்டுக்குப் போவது நிச்சயமில்லை.

முன் பிறேக் லீவர் செய்யும் வேலை, மாஸ்டர் சிலிண்டருக்குள், அதாவது பிறேக் ஒயிலை அழுத்தி முன் சில்லுப் பக்கம் அனுப்பும் குழாய்க்குள், இருக்கும் பிஸ்டனைத் தள்ளுவதுதான். கையை விட்டதும் அந்தப் பிஸ்டன் முழுமையாகப் பின்னால் வந்து, ஒயில் கிண்ணத்துக்குப் போகும் சிறு துளையைத் திறந்துவிட வேண்டும். ஓடும்போது சூட்டினால் விரியும் ஒயில் அந்தத் துளை வழியாகத்தான் கிண்ணத்துக்குத் திரும்புகிறது. வெளி லீவரில், அதாவது அசல் அல்லாத லீவரில், பிஸ்டனைத் தொடும் முனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டிருந்தாலும், லீவரைத் தொடாத நிலையிலேயே பிஸ்டன் சற்று உள்ளே தள்ளப்பட்டு அந்தத் துளை அடைபட்டுவிடலாம். வீட்டு முற்றத்தில் உருட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பத்து, பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பிறகு விரிந்த ஒயில் போக வழியின்றிப் பிறேக் கட்டைகளைத் தட்டோடு அழுத்தத் தொடங்கும். அந்த உராய்வு மேலும் சூட்டைக் கூட்டும். சூடு மேலும் அழுத்தத்தைக் கூட்டும். ஈற்றில் முன் சில்லு தானாகவே இறுகி நின்றுவிடும். இப்படி இறுகிய வண்டியொன்றை லான்ட் மாஸ்டரில் ஏற்றி என் கராஜுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உரிமையாளர் பிறேக் கட்டையில்தான் பிழை என்று நினைத்து அதை இரண்டு முறை மாற்றியிருந்தார்.

ஆகவே எந்த லீவரை வாங்கினாலும் பூட்டியவுடன் இதைப் பாரும். லீவரை மிக மெதுவாக இழுக்கும்போது, பிஸ்டனைத் தொடுவதற்கு முன் நுனியில் சிறிதளவேனும் வெற்றசைவு இருக்க வேண்டும். பிறகு கிண்ணத்தின் மூடியைக் கழற்றி லீவரை மெல்ல அசைத்தால், அசைவின் தொடக்கத்தில் ஒயிலின் மேற்பரப்பில் சிறு கொப்பளிப்புத் தெரியும். துளை திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. வேகமாக அழுத்தினால் ஒயில் முகத்தில் தெறிக்கும், தாங்கியின் பெயின்ரையும் அரித்துவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திரும். கடைசியாகப் பத்துக் கிலோமீற்றர் ஓடிவந்து, முன் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாரும். புறப்படும் முன் எவ்வளவு இலகுவாகச் சுற்றியதோ அவ்வளவு இலகுவாகச் சுற்ற வேண்டும்.

இவ்வளவும் சரியென்றால் அந்த மடியும் லீவரை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. கிறவலில் ஓடுபவருக்கு, விழும்போது முறியாமல் வெளியே மடிந்துகொடுக்கும் லீவர் பயனுள்ளதுதான். ஆனால் மடியும் மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று கடையிலேயே பிடித்து அசைத்துப் பாரும். நுனி உருண்டை இல்லாத லீவரை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். உலக ஓட்டப் பந்தய விதிகளே அந்த உருண்டை குறைந்தது 16 மில்லிமீற்றர் விட்டமுடையதாக இருக்க வேண்டும் என்கின்றன. விழும்போது கூர்முனை உடலில் ஏறாமல் இருப்பதற்காகத்தான் அது. இப்போது நீர் முறிந்த முனையோடு ஓடுவதாக இருந்தால் அதை முதலில் நிறுத்தும்.

ஒட்டுசுட்டான் வாசி எழுதியது:

குட்டை லீவரைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். 2009இல் எனது இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. மிஞ்சிய இரண்டு விரலால் கிளச் பிடிப்பவன் என்பதால், இரண்டு விரலுக்கென்றே செய்யப்பட்ட லீவர் எனக்காகவே செய்யப்பட்டது என்று நம்பி ஒரு சோடி வாங்கினேன். அது பிழையான கணக்கு. கதவைத் திறக்கும்போது கீல் பக்கமாகத் தள்ளினால் எவ்வளவு பாரமோ, அதே பாரம்தான் லீவரை அதன் பொல்ட்டுக்குக் கிட்டப் பிடித்து இழுக்கும்போதும். குட்டை லீவரில் விரல் வைக்க வேறு இடமே இல்லை. வவுனியா நகருக்குள் போய்வந்தால் அன்றிரவு மணிக்கட்டு வீங்கும்.

பிறகு பழைய நீள லீவரையே திரும்பப் பூட்டி, அதைத் தாங்கும் பிடியைத் தளர்த்தி, ஹான்டிலின் நடுப்பக்கமாக இடமிருந்த அளவுக்கு உள்ளே நகர்த்தினேன். இப்போது என் இரண்டு விரலும் லீவரின் நுனிப்பக்கத்தில் விழுகின்றன. பாரம் கண்டபடி குறைந்துவிட்டது. செலவு ஒரு சதமும் இல்லை. உங்களுடைய மூன்றாம் பதிப்பில் கிளச் இயல்பிலேயே இலகுவாக்கப்பட்டிருப்பதால் குட்டை லீவர் என்னை வருத்திய அளவுக்கு உங்களை வருத்தாது. ஆனாலும் பிறேக் பக்கத்தில் அதே கணக்குத்தான்: மாடு குறுக்கே பாயும் நேரத்தில் குட்டை லீவர் கூடுதல் பலத்தைக் கேட்கும்.

தூரத்தை மாற்றும் வசதி மட்டும் உண்மையிலேயே பெறுமதியானது. சிறிய கையுள்ளவர்கள் அதற்காகவே வெளி லீவர் வாங்கலாம். ஆனால் பிறேக் லீவரை அதிகம் கிட்ட வைத்துவிட்டு, இறுக்கிப் பிடிக்கும்போது கைபிடியில் முட்டுகிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது.

மல்லாவிப் பயணி எழுதியது:

நான் அசல் லீவரின் பக்கம். வெளி லீவர்களில் எனக்குக் கிடைத்த தொல்லை கிளச் வயரில்தான். வயரின் முனையிலுள்ள உருளை, லீவரின் குழிக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். நான் வாங்கியதில் குழி இறுக்கமாக இருந்ததால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் உருளை சுழலாமல் வயர் மடங்கி மடங்கி, இழை இழையாக அறுந்து, முறிகண்டிக்கு அருகே முற்றாக விட்டுவிட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டு அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. கச்சான் விற்கும் அம்மா ஒருவர்தான் கயிறு தந்து உதவினார். குழிக்குள் கிறீஸ் பூசி, உருளையைக் கையால் சுழற்றிப் பார்த்த பிறகே பூட்டுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை வெற்றசைவும் விடுங்கள். அது இல்லாவிட்டால் கிளச் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கித் தட்டுகள் எரிந்துவிடும்.

பரந்தன்155 மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழைய லீவரையும் வேர்னியர் அளவியையும் எடுத்துக்கொண்டு வவுனியா போனேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அளக்க விட்டார். மடியும் சோடிகளில் முதலாவதில் பிஸ்டனைத் தொடும் முனை அசலை விடத் தெளிவாக நீண்டிருந்தது. அதே பெட்டி, அதே பெயர் கொண்ட இரண்டாவது சோடி அசலோடு பொருந்தியது. அதை வாங்கிப் பூட்டிவிட்டேன். வெற்றசைவு இருக்கிறது, கொப்பளிப்பும் தெரிகிறது, பதினைந்து கிலோமீற்றர் ஓடிய பிறகும் சில்லு இலகுவாகச் சுற்றுகிறது. ஒரேயொரு குறை: பின் பிறேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. அந்த வயரைக் கழற்றி விடலாமா அண்ணா?

கிளிநொச்சி கராஜ் எழுதியது:

கழற்ற வேண்டாம் தம்பி. இரவில் உமக்குப் பின்னால் மணல் ஏற்றிய டிப்பர் வரும் வீதி அது. லீவர் ஓய்வாக இருக்கும்போது அதன் சிறு நாக்கு பிறேக் விளக்கின் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பிடித்ததும் நாக்கு விலகி விளக்கு எரியும். உமது புதிய லீவரில் நாக்கு சுவிட்சை எட்டவில்லை. சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகாணியைத் தளர்த்தினால் அது சற்று நகர இடம் இருக்கும். லீவரை நோக்கித் தள்ளி இறுக்கிப் பாரும். அதற்கும் அணையாவிட்டால் லீவரையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கராஜுக்கு வாரும். பிஸ்டனைத் தொடும் முனையில் மட்டும் நீராக அரம் வைத்துவிட வேண்டாம்.