காந்தத் தயக்கக் கண்ணியை (காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது இரும்பின் காந்தம் பின்தங்குவதைக் காட்டும் மூடிய வளைவரையை) அளந்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

முதுகலை ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்தது மின்மாற்றித் தகட்டின் கண்ணியை சி.ஆர்.ஓ. (மின்னலைகளை வரைந்து காட்டும் அலைவுகாட்டி) திரையில் வரையும் சோதனை. கண்ணி வந்தது. ஆனால் இரண்டு முனைகளிலும் மீசையை முறுக்கியதுபோல ஒரு சுருட்டல். அழகாக இருந்ததால் அப்படியே பதிவேட்டில் வரைந்துவிட்டேன். இரவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: புலம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே காந்தப்பாயம் (இரும்பில் உண்டாகும் காந்தம்) இறங்குவதாக அந்தச் சுருட்டல் சொல்கிறது. எந்த இரும்பும் அப்படி நடந்துகொள்ளாது!

மறுநாள், சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் காந்தப்பாயத்தின் அளவாக்கித் தரும் தொகையீட்டுச் சுற்றைப் பிரித்துப் பார்த்தேன். 10 கிலோ ஓம் மின்தடை, 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. இரண்டின் பெருக்கமான காலமாறிலி 10 மில்லி நொடிதான். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி நொடி ஆகும்; காலமாறிலி அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் தொகையீடு சரியாக நடக்கும். மின்தடையை 100 கிலோ ஓமாக மாற்றினேன். படம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. செங்குத்துப் பெருக்கத்தைக் கூட்டியதும் கூரிய முனைகளோடு மெலிந்த கண்ணி எழுந்தது. அந்த மகிழ்ச்சி இன்றும் நினைவிருக்கிறது.

—

எங்கள் காலத்தில் திரை கிடையாது. காந்தமானியும் (காந்தத்தின் வலிமையை ஊசியின் விலகலால் காட்டும் கருவி) எஃகுத் தண்டும்தான். மின்னோட்டத்தை மாற்றும் ரியோஸ்டாட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு அளவுக்கும் ஊசியின் விலகலைக் குறிக்க வேண்டும். ஒரு முறை 1.2 ஆம்பியரில் நிறுத்த வேண்டியது 1.3-க்குப் போய்விட்டது. பின்னுக்கு இழுத்துச் சரிசெய்தேன். அதுதான் தவறு. எஃகு வந்த வழியே திரும்பாது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பல் விழுந்தது. 1.3 என்றே எழுதிக்கொண்டு மேலே போயிருக்க வேண்டும். மாறுமின்னோட்டத்தைக் கொடுத்து, மெல்லச் சுழிக்கு இறக்கி, தண்டின் காந்தத்தை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை எழுதுவதற்கு முன்பே மின்னோட்டத்தை இரு திசையிலும் பல தடவை முழுமையாக ஓட்டினேன். அதன் பிறகே கண்ணி மூடியது.

1880-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஆசிரியராக இருந்த இயற்பியலாளர் ஈவிங், இந்தப் பின்தங்கலுக்குக் கிரேக்கத்திலிருந்து ‘ஹிஸ்டெரிசிஸ்’ என்ற பெயரை எடுத்தார். தமிழில் அதைத் ‘தயக்கம்’ என்று வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

—

ஐயா, அதே மாதிரி எஃகுத் தண்டை நான் 50 ஹெர்ட்ஸில் அளந்து, காந்த நீக்குத்திறன் (காந்தத்தைச் சுழியாக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம்) அதிகமாக வருகிறதே என்று குழம்பியிருக்கிறேன். திண்மத் தண்டில், மாறும் புலம் உலோகத்துக்குள்ளேயே தூண்டும் சுழல் மின்னோட்டமும் சேர்ந்து கண்ணியை அகலமாக்கிவிடுகிறது. தகடுகளாக அடுக்கிய மாதிரியில் இந்தத் தொல்லை குறைவு. தண்டுதான் வேண்டுமென்றால், மின்னோட்டத்தை மெல்ல மாற்றும் உங்கள் பழைய காந்தமானி முறையே நல்லது.