வார்டு செவிலியரை ஆய்வுக்கு அழைத்துச் சென்ற அனுபவங்கள்

செவிலியர் பயிற்றுநர் ஒருவர்:

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில், வார்டில் பணிபுரியும் செவிலியர்களுக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்து வருகிறேன். ஆய்வு என்றதும் பலருக்கு எம்.எஸ்சி. படிப்பில் பார்த்த, "கற்பித்தல் திட்டத்தால் அறிவு எவ்வளவு கூடியது" என்ற வகைத் தலைப்புகளே நினைவுக்கு வருகின்றன. முன்தேர்வு வைத்து, வகுப்பெடுத்து, பின்தேர்வு வைத்தால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? ஆகவே நான் தலைப்பைக் கேட்பதில்லை. எந்த வேலையைச் செய்யும்போது 'இதை ஏன் செய்கிறோம்' என்று தோன்றுகிறது என்று கேட்கிறேன்.

அப்படிக் கேட்டபோது பொது மருத்துவ வார்டின் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர், "நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேனுலாவை நாள் கணக்கு முடிந்தது என்று எடுத்துவிட்டு, நரம்பே கிடைக்காத பாட்டிக்கு மறுபடியும் ஏன் குத்துகிறோம், மேடம்?" என்றார். (மருந்து ஏற்றுவதற்காகச் சிரையில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்தான் கேனுலா.) இதே கேள்வியை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், செவிலியரான கிளேர் ரிக்கார்டும் அவர் குழுவினரும் 3,283 நோயாளிகளிடம் ஆராய்ந்து, 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டிருந்தனர். குறித்த நாளில் மாற்றினாலும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றினாலும், இரு பிரிவிலும் 7 விழுக்காட்டினருக்குத்தான் சிரை அழற்சி (ஊசியிட்ட சிரை சிவந்து, தடித்து, வலிப்பது) ஏற்பட்டிருந்தது. அந்தக் கட்டுரையை அவரிடம் கொடுத்தேன். படித்து வந்தவர், தேவைப்படும்போது எடுப்பதென்றால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊசியிடத்தை யாராவது பார்த்திருக்க வேண்டுமே, நம் வார்டில் பார்க்கிறோமா என்று கேட்டார். அதுவே அவருடைய ஆய்வாயிற்று. பெரிய கேள்வியை ஒரு வார்டில், கையிலிருக்கும் ஆட்களைக் கொண்டு முடிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்க உதவுவதே வழிகாட்டியின் முதன்மையான வேலை என்பது என் கருத்து. புள்ளியியலைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

அளவிடுவதில்தான் அதிக நேரம் செலவாயிற்று. சிரை அழற்சியை 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோல் சிவப்பையும் முக்கிய அடையாளங்களில் ஒன்றாகக் கொள்கிறது. மாநிறத்திலும் கருமை நிறத்திலும் உள்ள கைகளில் அந்தச் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் தடிப்பையும் உணர வேண்டும், வலிக்கிறதா என்று நோயாளியிடமே கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அந்தச் செவிலியர்தான். புத்தகத்தை மட்டும் படித்த எவருக்கும் இது தோன்றியிராது. இரண்டு செவிலியர்கள் ஒரே கையைத் தனித்தனியாக மதிப்பிட்டு, இருவர் குறிப்பும் ஒத்துப்போகும் வரை பயிற்சி செய்த பிறகே தரவு சேகரிப்பைத் தொடங்கினோம். எத்தனை நோயாளிகள் என்பதோடு மொத்தம் எத்தனை கேனுலா நாட்கள் என்பதையும் கணக்கில் எடுத்தோம். ஒரு நாள் இருந்த கேனுலாவையும் ஐந்து நாள் இருந்த கேனுலாவையும் ஒன்றாகக் கருத முடியாதல்லவா?

ஒப்புதல் பெறுவதில் ஒரு சங்கடம் உண்டு. தனக்கு ஊசி போடும் சிஸ்டரே படிவத்தை நீட்டினால், மறுப்பதற்கு நோயாளிக்கு மனம் வராது. எனவே வேறு வார்டுச் செவிலியர் ஒருவர் விளக்கி ஒப்புதல் பெறும் முறையை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிய திட்டத்திலேயே எழுதிவிட்டோம்.

ஐசியூ செவிலியர் ஒருவர்:

வழிகாட்டப்பட்டவள் என்ற முறையில் நானும் சிலவற்றைச் சேர்க்கிறேன். முன்பு பணியாற்றிய இடத்தில், மருத்துவர்களின் ஆய்வுகளுக்காக நைட் டியூட்டியில் படிவங்களை நிரப்பிக் கொடுப்போம். கட்டுரை வெளிவரும்போது எங்கள் பெயர் நன்றியுரையில்கூட இருக்காது. அதனால் படுக்கைப் புண் பற்றிய என் ஆய்வுக்கு வழிகாட்டி கிடைத்தபோதும் தயங்கியே சென்றேன். கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, தரவு யார் பொறுப்பில் இருக்கும் என்பதை அவர் தொடக்கத்திலேயே எழுதி, இருவரும் கையொப்பமிடச் செய்தார். நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் பேசி, வாரத்தில் ஒரு பிற்பகலை ஆய்வு நேரம் என்று டியூட்டி ரோஸ்டரிலேயே குறிக்க வைத்தார். ரோஸ்டரில் இல்லாத நேரம், ஆள் குறையும் நாளில் முதலில் பறிபோகும்.

மேடம் கூறிய அளவீட்டுச் சிக்கல் எங்களுக்கும் வந்தது. படுக்கைப் புண் வரும் வாய்ப்பை மதிப்பிடும் பிரேடன் அளவுகோலின் ஆறு கூறுகளில், தோலின் ஈரப்பதத்துக்கு மட்டும் ஆளுக்கொரு மதிப்பெண் இட்டோம். இரவில் சேர்க்கப்படும் நோயாளிகளிடம் ஒப்புதல் பெற வேறு வார்டுச் செவிலியர் கிடைக்காதபோது என்ன செய்தீர்கள் என்று மேடம் எழுதினால் உதவியாக இருக்கும். எங்களிடம் நோயாளிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள்.