405 ஓரத்து மஞ்சள் பெட்டி: கென்னத் ஹான் நம் வாழ்க்கையில் குறுக்கிட்ட இடங்கள்

டாரன்ஸிலிருந்து:

1995 நவம்பர். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கையிலிருந்த பணத்துக்கு ஒரு பழைய கொரோலா வாங்கியிருந்தேன். இரவு பத்தரை மணிக்கு 405 ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தபோது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டேன். பக்கத்து சீட்டில் ஏழு மாத கர்ப்பிணி மனைவி. செல்போன் கிடையாது. லாரிகள் கடக்கும்போதெல்லாம் கார் ஒரு குலுங்கு குலுங்கியது.

கொஞ்ச தூரத்தில் ஒரு நீலப் பலகையும் அதன் கீழே கம்பத்தில் ஒரு மஞ்சள் பெட்டியும் தெரிந்தன. ஓடிப்போய்த் திறந்தேன். உள்ளே ஒரு ரிசீவர், அவ்வளவுதான். எண்களை அழுத்தப் பொத்தான் எதுவும் இல்லை. எடுத்துக் காதில் வைத்ததும் ஒரு பெண்மணி பேசினார். "நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை" என்றேன். பெட்டிக்கு மேலே பலகையில் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அது போதும் என்றார். மனைவியை பெல்ட்டைக் கழற்றாமல் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அரை மணி நேரத்துக்குள் டோ வண்டி வந்துவிட்டது.

அந்தப் பெட்டியை யார் வைத்திருப்பார்கள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. ரோடு போட்டவர்களே வைத்திருப்பார்கள் என்ற நினைப்புதான். 1997 அக்டோபரில் இந்த ஊர் அரசியல்வாதி கென்னத் ஹான் இறந்த செய்தி பேப்பரில் வந்தது. வயது 77. அவர் செய்த வேலைகளின் பட்டியலில் ஃப்ரீவே அவசர போன் பெட்டிகளும் இருந்தன. கையில் டீயோடு நின்றபடி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதற்கப்புறம்தான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1947-இல் நகர சபைக்கு வந்தபோது அவருக்கு 26 வயது. 1952-இல் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சூப்பர்வைசர், அதாவது கவுண்டியை ஆளும் போர்டின் உறுப்பினர் ஆனார், 1992 வரை தொடர்ந்து நாற்பது வருடம் அதே இரண்டாவது தொகுதி. ஆள் வெள்ளையர். தொகுதியில் கறுப்பின மக்கள் பெரும்பான்மை ஆன பிறகும் அவர்கள் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1961-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்த ஊருக்கு வந்தபோது, மற்ற அரசியல்வாதிகள் தயங்கி ஒதுங்கிய நேரத்தில் விமான நிலையத்துக்குப் போய் வரவேற்றவர் ஹான். தொகுதி மக்கள் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி இங்கே வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பெட்டிதான்.

இந்த கவுண்டியில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர். அவர்களுக்கு மொத்தமே ஐந்து சூப்பர்வைசர்கள்தான். சட்டம் போடுவதும் நிர்வாகம் பார்ப்பதும் அவர்களே. கவுண்டி ஆஸ்பத்திரி, சிறை, நூலகம், தீயணைப்பு, ஏழைகளுக்கான உதவி எல்லாம் அவர்கள் கையில். ஜனாதிபதி தேர்தல் பற்றி விடிய விடியப் பேசும் நம்மில் எத்தனை பேருக்குத் தன் சூப்பர்வைசர் பெயர் தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஹானின் ஏதாவது ஒரு வேலை உங்களையும் வந்து தொட்டிருந்தால் சொல்லுங்கள்.

லேக்வுட்டிலிருந்து:

அண்ணா, என் அப்பாவுக்கு அவர் முகம்கூடத் தெரியாது. ஆனால் ஹான் தொடங்கி வைத்த ஒரு காரியத்தால்தான் அப்பா பிழைத்தார் என்று நான் நம்புகிறேன்.

2009-இல் அப்பா எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்தார். ஒருநாள் காலை பூஜையை முடித்துவிட்டு எழுந்தவர், இடது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. 911-க்குப் போன் செய்தேன். முதலில் வந்தது தீயணைப்பு வண்டி. எங்கே தீப்பிடித்தது என்று எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாராமெடிக் (இருக்கும் இடத்துக்கே வந்து அவசர சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்கள்) இருவர் அப்பா பக்கத்தில் மண்டியிட்டு, பனியனைக் கத்தரித்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஈசிஜி காகிதம் நீளமாக வந்து விழுந்தது. ஒருவர் ரேடியோவில் ஆஸ்பத்திரியோடு பேசிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கையில் ஊசி ஏற்றினார். அப்பா என்னைப் பார்த்து, "இவ்வளவு பேர் வந்திருக்காங்களே, காபி போடும்மா" என்றார்.

வண்டி வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே பாதி வைத்தியம் நடந்துவிட்டது. 1960-களில் ஆம்புலன்ஸ் என்றால் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும்தானாம். 1969-இல் ஹார்பர் ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் மைக்கேல் கிரைலி, கவுண்டி தீயணைப்பு வீரர்களுக்கு இதய நோய் சிகிச்சையில் பயிற்சி கொடுத்தார். போர்டில் அதற்கு ஆதரவாக நின்றவர் ஹான். டாக்டரும் நர்ஸும் அல்லாதவர் மருந்து ஏற்றக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்ததால், ஆரம்பத்தில் ஒரு நர்ஸும் கூடவே போக வேண்டியிருந்தது. ஹான் மாநில அரசு வரைக்கும் போய்ச் சட்டத்தை மாற்றப் பாடுபட்டார். 1970-இல் கவர்னர் ரீகன் அதில் கையெழுத்துப் போட்டார்.

அப்பா அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். என் பையனுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

வில்லோபுரூக் பக்கத்திலிருந்து:

நான் இந்தப் பகுதியில் பார்மசிஸ்ட். எல்லாமே நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

1965-இல் பக்கத்து வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, இங்கே பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிகூட இல்லையே என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. ஹான் விடாமல் பாடுபட்டு, மார்ட்டின் லூதர் கிங் பெயரிலான ஆஸ்பத்திரி 1972-இல் திறந்தது. ஆனால் நாளடைவில் அங்கே சிகிச்சைத் தரம் மோசமாகி, 2007-இல் உள்நோயாளிப் பிரிவை மூடிவிட்டார்கள். 2015-இல் புதிய ஆஸ்பத்திரியாகத் திறக்கும்வரை இந்த மக்கள் தூரத்து ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார்கள். கட்டுவது ஒரு வேலை, கட்டியதை வருடக்கணக்கில் கண்காணிப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கும் போர்டில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் பொறுப்பு.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நான் தினமும் வேலைக்கு வருவது ப்ளூ லைன் ரயிலில் (இப்போது ஏ லைன் என்கிறார்கள்). விற்பனை வரியில் டாலருக்கு அரை சென்ட் கூடுதலாக எடுத்துப் பொதுப் போக்குவரத்துக்குக் கொடுக்கும் திட்டத்தை 1980-இல் மக்கள் வாக்குக்குக் கொண்டுபோய் ஜெயித்தவர் ஹான். அந்தப் பணத்தில் மூன்று வருடம் பஸ் கட்டணம் 50 சென்ட்டாக இருந்தது. பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். 1990-இல் லாங் பீச்சுக்கு இந்த ரயில் ஓடத் தொடங்கியபோது அவர் பக்கவாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்தார். காலை ஆறு மணி வண்டியில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் செக்யூரிட்டி வேலை முடித்துத் தூங்கி வழியும் ஆண்களுமாக ஏறுவார்கள். கார் வாங்க வசதியில்லாதவர்களுக்காக இந்த ஊரில் யோசித்த ஒருவராவது இருந்தார்.

கல்வர் சிட்டியிலிருந்து:

அவர் பெயரில் இருக்கும் பூங்காவை யாரும் சொல்லவில்லையே! பால்ட்வின் ஹில்ஸில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் புளியோதரை கட்டிக்கொண்டு போகும் இடம் அது. நடுவில் ஒரு பெரிய பள்ளம், பச்சைப் புல்வெளி. அது ஒரு காலத்தில் நீர்த்தேக்கம். 1963 டிசம்பர் 14-இல் கரை உடைந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்த இடத்தில்தான் இன்று குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள்.

டாரன்ஸிலிருந்து மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. லேக்வுட் தங்கச்சி, உன் அப்பா காபி போடச் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வில்லோபுரூக் நண்பர் சொன்னதும் சரி, நான் அதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில், போர்டை ஐந்து பேரிலிருந்து ஒன்பது பேராக்குவதா என்று கவுண்டியில் வாக்கெடுப்பு நடந்தது. மெஷர் ஜி என்று பெயர், சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது. தேர்தலுக்கு முந்தின வாரம் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் வாக்குச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, இந்த சூப்பர்வைசர் என்னதான் செய்கிறார்?" என்று கேட்டாள். அன்றைக்கு 405 ஓரத்தில் அம்மா வயிற்றில் இருந்தவள் அவள். ஒரு பேனாவை எடுத்து, வாக்குச்சீட்டு வந்த கவரின் பின்பக்கத்தில் அந்தக் கம்பத்தையும் பெட்டியையும் வரைந்து காட்டினேன்.