கேள்வி கேட்ட பெண்ணை ‘அடங்காப்பிடாரி’ என்பது வெறும் வசையா, பால்நிலைப் பாகுபாடா?

வயற்கரை எழுதியது:

வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீரை நம்பிய ஒரு குடியேற்றக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் நடந்த ஒன்றைப் பற்றி எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு விதமான கருத்து இருக்கிறது. இங்குள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

என் அத்தான் 2009இல் இறுதி யுத்தத்தின்போது காணாமல் போனவர். அன்றிலிருந்து பிள்ளைகளையும் வயலையும் அக்காவே தனித்துப் பார்த்து வருகிறார். அவருடைய வயல் வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறது. கோடைகால விதைப்பான சிறுபோகத்தில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள் என்பதும், அப்படித் தீர்மானித்த பிறகும் வாய்க்காலின் தலைப்பில் வயல் செய்பவர்கள் முறை தவறித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டால் கடைசி வயல்களில் கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்துப் பயிர் காய்ந்துபோகும் என்பதும் இங்கு வயல் செய்யும் எல்லோருக்கும் தெரிந்தவையே. அக்கா தன் வயலுக்குத் தண்ணீர் வந்த திகதிகளையும் வராத திகதிகளையும் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார். பொதுநோக்கு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தக் கொப்பியைப் பார்த்துத் திகதி திகதியாக வாசித்து, எங்களுக்குரிய முறைத் தண்ணீர் எவருடைய வயலுக்குப் போனது என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர், “உவள் ஒரு அடங்காப்பிடாரி, வீட்டில அடக்க ஆளில்லாட்டி உப்பிடித்தான்” என்றார். இன்னொருவர், “பொட்டைக் கோழி கூவிப் பொழுது விடியப் போகுதோ” என்று கேட்க, பலர் சிரித்தார்கள். தலைமை வகித்தவர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். கூட்டம் கலைந்து எல்லோரும் வெளியேறும்போது ‘ஆட்டக்காரி’ என்ற சொல்லும் அக்காவின் காதில் விழும்படியாகவே சொல்லப்பட்டது.

இவை கூடாத சொற்கள்தான் என்பதை அண்ணாவும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் கூட்டங்களில் ஆண்களும் ஒருவரையொருவர் ‘சண்டியன்’, ‘குடிகாரன்’, ‘கள்ளன்’ என்று ஏசிக்கொள்கிறார்கள் என்றும், அக்காவுக்கும் அதே போன்ற ஏச்சுத்தான் கிடைத்தது என்றும், இதைப் பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று பெரிதாக்கினால் ஊரில் பகைதான் வளரும் என்றும் அவர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவர் கேட்பதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல இயலாமல் நிற்கிறேன். பெண்களும் இதே சொற்களைப் பெண்கள்மீது பாவிக்கிறார்களே, அப்போது அதை என்னவென்று சொல்வது?

மல்லாவி ஆசிரியை எழுதியது:

தங்கச்சி, உங்கள் அண்ணா கேட்பது நியாயமான கேள்வி. அதை ஒதுக்கிவிடாமல் அவர் சொன்ன சொற்களையே எடுத்துப் பார்ப்போம். ‘கள்ளன்’ என்றால் ஒருவன் களவெடுத்தான் என்று பொருள், ‘குடிகாரன்’ என்றால் அவன் குடிக்கிறான் என்று பொருள். உண்மையோ பொய்யோ, இரண்டும் ஒரு செயலைக் குற்றஞ்சாட்டுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவர் “நான் களவெடுக்கவில்லை” என்று மறுக்கலாம், சாட்சி கேட்கலாம். ‘சண்டியன்’ என்ற சொல்லில் ஏச்சோடு ஒரு பயமும் சற்று மதிப்பும் கலந்திருக்கின்றன, அப்படி அழைக்கப்படுபவனுக்குக் கூட்டத்தில் இடம் விட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. உங்கள் அக்காவுக்குச் சொல்லப்பட்டவற்றில் எதை அவர் மறுக்க இயலும்? ‘அடங்காப்பிடாரி’ என்ற சொல் அவர் செய்த எந்தச் செயலையும் குறிக்கவில்லை. அடங்கியிருக்க வேண்டிய ஒருவர் அடங்கவில்லை என்பதே அதன் முறைப்பாடு, அதற்குக் காரணமாக அடக்குவதற்கு வீட்டில் ஆண் இல்லை என்பதையும் அவர்களே சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். காணாமல் போன கணவரையே மனைவியின் வாயை அடைக்கும் கல்லாக எடுத்து எறிந்திருக்கிறார்கள். இதைவிடக் கொடிய பேச்சை நான் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

அண்ணாவிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அதே கொப்பியை அதே கூட்டத்தில் அவர் எழுந்து வாசித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சண்டை வந்திருக்கலாம், தகாத வார்த்தைகளும் வந்திருக்கலாம். ஆனால் அந்தச் சண்டை தண்ணீரைப் பற்றியதாகவே இருந்திருக்கும். எந்த மடை, எந்த நாள், யார் திறந்தது என்று வாதம் போயிருக்கும். அக்கா எழுந்தபோதோ பேச்சு தண்ணீரை விட்டு அவருடைய குடும்பத்துக்கும், அங்கிருந்து ‘ஆட்டக்காரி’ என்று அவருடைய ஒழுக்கத்துக்கும் இறங்கிவிட்டது. வயலுக்குத் தண்ணீர் கேட்டவரின் ஒழுக்கத்துக்கு அங்கே என்ன வேலை? ஒரு பெண் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அவளுடைய நடத்தையைப் பற்றியே பேசி முடிப்பதைத்தான் நான் பால்நிலைப் பாகுபாடு என்கிறேன். சொல் எவ்வளவு காரமானது என்பது எனக்கு இரண்டாவது விடயம்.

பெண்களும் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறார்கள். என் வகுப்பில் 9ஆம் தரத்துப் பிள்ளைகள், ஆசிரியரிடம் சந்தேகம் கேட்ட இன்னொரு மாணவியை ‘எடுப்புக்காரி’, ‘வாயாடி’ என்று தங்களுக்குள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கும் பையனைக் ‘கெட்டிக்காரன்’ என்பார்கள். பிள்ளைகள் இதைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை, வீட்டில் அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்டு வந்து சொல்கிறார்கள். வாயடங்கிய பிள்ளைக்குத்தான் நல்ல இடத்தில் சம்பந்தம் வரும் என்ற பயத்தில் அந்த அம்மாக்கள் சொல்லியிருப்பார்கள். ஆண் சொன்னால் பாகுபாடு, பெண் சொன்னால் இல்லை என்று நான் பிரிக்கமாட்டேன். யார் சொன்னாலும் அடுத்த முறை அந்தப் பிள்ளை கை உயர்த்தத் தயங்குகிறாள்.

முத்தையன்கட்டுக் கமக்காரன் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, அதையும் இங்கே எழுத வேண்டும்.

நான் பல காலமாகக் கமக்காரர் அமைப்பிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அங்கத்தவனாக இருந்து வருபவன். எங்கள் பக்கத்தில் ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருந்த பெண்ணொருவர், கணக்குக் கேட்ட அங்கத்தவர்களுக்குப் பதில் சொல்லாமல், “நான் பொம்பிளை எண்டதாலதானே கேக்கிறியள்” என்று சொல்லியே கூட்டங்களை முடித்துவிட்டார். கணக்குக் கேட்டவர்களில் பாதிப்பேர் பெண்கள். துணிந்து பேசும் பெண் செய்வதெல்லாம் சரி என்றோ, அவர்மீது வரும் எல்லாக் கண்டனமும் பெண்வெறுப்பு என்றோ நாம் பழகிக்கொண்டால், உண்மையாகவே அவமதிக்கப்பட்ட பெண்களின் முறைப்பாட்டையும் நாளைக்கு ஒருவரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். இதுவே என் கவலை.

ஆனால் உங்கள் அக்காவின் விடயத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அவர் திகதியோடு கேட்டிருக்கிறார், அவர்கள் ஏச்சால் பதில் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கு கையில் இருக்கிறவர்கள் கணக்கைக் காட்டியிருப்பார்கள். நானும் அப்படிப்பட்ட கூட்டங்களில் இருந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன்: அப்படி ஒரு சிரிப்பு எழும்போது, சிரிக்காமல் இருக்கிற ஆண்களும் அந்த மண்டபத்தில் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது எழுந்து “தங்கச்சி கேட்டதுக்கு முதல்ல பதிலைச் சொல்லுங்கோ” என்று சொல்லியிருந்தால், பேச்சு மறுபடியும் தண்ணீருக்குத் திரும்பியிருக்கும். உங்கள் அண்ணா அங்கே இருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், அது அவர் செய்திருக்க வேண்டிய வேலை.

நெடுங்கேணி எழுதியது:

முத்தையன்கட்டு ஐயா சொன்ன எச்சரிக்கை சரியானது. ஆனாலும் ஒரு பெண் ‘பெண் என்பதால்தான்’ என்ற முறைப்பாட்டைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதற்காக இந்த ஊர்களில் காலங்காலமாக நடப்பது சிறிதாகிவிடாது. நான் பெண்களின் காணி, ஆவண விடயங்களில் உதவி செய்து வருபவள் என்பதால், இந்த ஏச்சு எங்கே வேர் கொண்டிருக்கிறது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பத்திரம் அநேகமாகக் குடும்பத் தலைவர் என்று கருதப்பட்ட ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டது. பின்னுரித்தாளியின், அதாவது அடுத்து அந்தக் காணிக்கு உரிமை பெறுபவரின், பெயர் குறிக்கப்படாத இடத்தில், அந்தச் சட்டத்தின் அட்டவணை மகள்மாருக்கு முன்னே மகன்மாரை வைத்தது. 2022இல் திருத்தம் வரும்வரை இந்த ஒழுங்குதான் சட்டமாக இருந்தது. காணி யாருடையதோ அவருடையதே கூட்டம், கூட்டம் யாருடையதோ அவருடையதே பேச்சு என்ற எண்ணம் இப்படித்தான் ஊறியது. பத்திரத்தில் பெயர் இல்லாமலே வயலில் நாற்பது வருடம் நின்ற பெண்களை எனக்குத் தெரியும். யுத்தத்துக்குப் பிறகு கணவரை இழந்தோ காணாமலோ தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள் வந்து கூட்டத்துக் கதிரைகளில் இருந்தபோது, பழைய எண்ணம் மட்டும் எழுந்து போகவில்லை.

இன்னொன்று என் மனதை மிகவும் வருத்துகிறது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 31 தொடங்கி முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பில், தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு விமானப்படை முகாமின் வாசலில் வெயிலிலும் பனியிலும் குழந்தைகளோடு இருந்து, மார்ச் முதலாம் திகதி காணிக்குள் கால் வைத்தவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். அதே ஆண்டு பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக உட்கார்ந்தவர்கள் தாய்மார். அவர்கள் குரல் உயர்த்தியபோது எங்கள் சமூகம் அதை வீரம் என்று சொன்னது, சரியாகவே சொன்னது. அரசாங்கத்திடம் கேள்வி கேட்கும் தாயை வணங்குகிறவர்கள், அதே தாய் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஊர்க்காரரிடம் கேட்டவுடன் ‘அடங்காப்பிடாரி’ என்கிறார்கள் என்றால், அவர்களுக்குப் பிடிக்காதது அவளுடைய வாயல்ல, அது தங்கள் பக்கம் திரும்பியதுதான்.

உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபோதும் இதையே கண்டேன். அந்த ஒதுக்கீடு நல்லது, அவசியமானது. ஆனால் கதிரை கொடுத்த சட்டத்தால் பேச்சுக்குக் காவல் கொடுக்க முடியவில்லை. கூட்டங்களில் பேசாதிருந்த உறுப்பினரைப் ‘பொம்மை’ என்றார்கள், பேசியவரை ‘ராங்கிக்காரி’ என்றார்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சொல்லாலோ செயலாலோ செய்யப்படும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது. ஒழுக்கத்தைக் கொச்சைப்படுத்தும் பேச்சு தொடர்ந்தால், அது அந்தப் பிரிவுக்குள் வருமா என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்கலாம், பெண்களுக்கான 1938 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். ‘அடங்காப்பிடாரி’க்கு அப்படி ஒரு பிரிவு இல்லை, இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கமாட்டேன். அதைக் கூட்டத்தின் ஒழுங்கால்தான் நிறுத்த வேண்டும். அக்கா தன் கேள்வியைத் திகதிகளுடன் எழுத்தில் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கட்டும். ஒரு பிரதியைக் கமநல சேவை நிலையத்துக்கும் அனுப்பட்டும், ஏனென்றால் கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டவை. அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக முன்னைய கூட்ட அறிக்கையை வாசிப்பார்கள். அதில் தன் கேள்வியும், அதற்குப் பதில் தரப்படவில்லை என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அறிக்கை ஏற்கப்படுவதற்கு முன்பே எழுந்து சொல்ல வேண்டும்.

வயற்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, அண்ணா அன்று கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆண் கேட்டிருந்தால் சண்டை தண்ணீரைப் பற்றியதாகவே இருந்திருக்கும் என்ற இடத்தில் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். ஊரில் பகை வளரும் என்ற தன் பயம் இன்னும் போகவில்லை என்றும், ஆனாலும் அடுத்த கூட்டத்துக்குத் தானும் வருவதாகவும் சொன்னார். அவர் பேசினால் அக்காவின் கேள்வியை அவர் கேட்டது போல் ஆகிவிடும் என்று நான் சொன்னேன். கேள்வியை அக்காவே கேட்பது, யாராவது ஏசினால் மட்டும் அண்ணா எழுந்து பதிலைக் கேட்பது என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. செயலாளர் கடிதத்தை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதுமா?

நெடுங்கேணி எழுதியது:

போதும். கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் அந்தக் கொப்பியோடு சேர்த்து வைத்திருக்கச் சொல்லுங்கள். வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் செய்யும் வேறு பெண்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் தண்ணீர் வராத திகதிகள் தெரிந்திருந்தால், அவர்களும் அதே கடிதத்தில் தங்கள் பெயரில் கையொப்பமிடட்டும்.